எந்தக் கோலால் அளப்பது?

திருவண்ணாமலைத் தேரடி வீதியில் மாலை வேளையில் நடந்து செல்பவர் இரண்டு கேள்விகளை அடுத்தடுத்துக் கேட்க நேரிடும். வெளியூரிலிருந்து வந்தவர்கள், பதினொரு நிலைகளோடு 217 அடி உயர்ந்து நிற்கும் இராசகோபுரத்தை அண்ணாந்து பார்த்து, "இதைக் கட்டியவர் யார்?" என்று கேட்பது ஒன்று. தேநீர்க் கடை வாசலில், மஞ்சள் சட்டை அணிந்த இளைஞர்களும் அவர்களுடைய தந்தையர் வயதை ஒத்தவர்களும் கூடி நின்று, "இந்தியக் கிரிக்கெட்டை ஆளாக்கிய அணித்தலைவர் யார்? கபிலா, கங்குலியா, தோனியா?" என்று வழக்காடுவது மற்றொன்று. முதற் கேள்விக்கு ஒற்றைச் சொல்லில் விடை கிடைத்துவிடுகிறது. இரண்டாவது கேள்விக்குக் கடை சாத்தும் நேரம் வந்தும் விடை கிடைப்பதில்லை.

ஒரு விளையாட்டைப் பற்றிய வாய்ச் சண்டையில் சிந்திக்க என்ன இருக்கிறது என்று வாசகர் கேட்கலாம். இருக்கிறது. அங்கே நடப்பது ஒரு நீதிமன்றம். அதற்கு அங்கி அணிந்த நீதிபதி இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர் கூண்டில் இல்லை. அவருக்காகப் பேச வழக்கறிஞரும் இல்லை. ஆயினும் தீர்ப்பு மட்டும் நாள்தோறும் வழங்கப்படுகிறது. நமக்கு முன்னே நின்று ஒரு பொறுப்பைச் சுமந்து, பின்னர் அதை இறக்கி வைத்துவிட்டுப் போன மனிதரை எந்தக் கோலால் அளக்கிறோம் என்பது ஓர் அறநெறிக் கேள்வி. அவரவர்க்கு உரியதை அவரவர்க்கு அளிப்பதே நீதி என்றால், தேநீர்க் கடையிலும் அந்தக் கடமையிலிருந்து நமக்கு விடுப்பு இல்லை.

ஒன்பது ஓட்டங்களின் விலை

நம் தமிழகத்து மனிதர் ஒருவரிடமிருந்து தொடங்குவோம். சென்னையைச் சேர்ந்த சீனிவாசராகவன் வெங்கட்ராகவன், 1975, 1979 ஆகிய முதல் இரண்டு உலகக் கோப்பைப் போட்டிகளிலும் இந்திய அணியின் தலைவர். 1979இல் இங்கிலாந்துச் சுற்றுப்பயணத்தின் கடைசி டெஸ்ட் ஆட்டம் ஓவல் மைதானத்தில் நடந்தது. இந்தியா வெல்ல 438 ஓட்டங்கள் தேவை. சுனில் கவாஸ்கர் 221 ஓட்டங்கள் குவித்தார். ஆட்டம் முடிந்தபோது இந்தியா எட்டு விக்கெட்டுகளை இழந்து 429. இன்னும் ஒன்பது ஓட்டங்கள் கிடைத்திருந்தால், அது உலகமே வியக்கும் வெற்றி. கிடைக்கவில்லை. விசுவநாத்தை நிறுத்தி வைத்துவிட்டுக் கபில்தேவை முன்னே அனுப்பிய முடிவு அன்று முதல் குறை கூறப்பட்டு வருகிறது. அணி தாயகம் திரும்பிக்கொண்டிருந்த விமானத்திலேயே, தலைமை கவாஸ்கருக்கு மாற்றப்பட்ட செய்தி அறிவிக்கப்பட்டது.

இனி வேறொரு முடிவைப் பார்ப்போம். 2007ஆம் ஆண்டு செப்டம்பர் 24 அன்று, ஜோகன்னஸ்பர்க் நகரில் முதலாவது இருபது ஓவர் உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். கடைசி ஓவரில் பாகிஸ்தானுக்குத் தேவை 13 ஓட்டங்கள். கைவசம் இருந்தது ஒரே விக்கெட். அனுபவமிக்க ஹர்பஜன் சிங்குக்கு ஓர் ஓவர் மீதமிருந்தும், அணித்தலைவர் தோனி, அதிகம் அறியப்படாத ஜோகிந்தர் சர்மாவின் கையில் பந்தைக் கொடுத்தார். இரண்டாவது பந்தில் ஆறு ஓட்டங்கள் போயின. அடுத்த பந்தை மிஸ்பா தோளுக்கு மேலே தூக்கி அடிக்க, அது ஸ்ரீசாந்தின் கையில் விழுந்தது. இந்தியா ஐந்து ஓட்டங்களில் வென்றது. அன்று முதல் அந்த முடிவு மேதைமையின் சான்றாகச் சொல்லப்படுகிறது.

பந்து இரண்டு முழம் தள்ளி விழுந்திருந்தால்? அதே முடிவு, அதே மனிதர், அதே நிதானம். ஆனால் தீர்ப்பு தலைகீழாக மாறியிருக்கும். 2003 உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில், நாணயச் சுழற்சியில் வென்றும் ஆஸ்திரேலியாவை முதலில் ஆடச் சொன்ன கங்குலிக்கு அதுதான் நேர்ந்தது. ஆஸ்திரேலியா 359 ஓட்டங்கள் குவித்தது. அந்த ஒரு முடிவு அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

செயலைச் செய்பவன் மனிதன். விளைவைத் தீர்மானிப்பதிலோ அவன் கைக்கு எட்டாத பல சேர்ந்துகொள்கின்றன. காற்று, ஈரம், எதிராளியின் கை நழுவல் ஆகியவை எவருடைய அறத்துக்கும் உட்பட்டவை அல்ல. ஒருவரை அவர் கையில் இருந்த அளவுக்குத்தான் பாராட்டவோ பழிக்கவோ வேண்டும் என்று நம் அறிவு சொல்கிறது. ஆனால் நம் நாவு, விளைவைக் கண்ட பிறகே அறிவைத் தேடுகிறது. வென்றால் துணிவு என்றும், தோற்றால் துடுக்கு என்றும் ஒரே செயலுக்கு இரண்டு பெயர்களை வைத்திருக்கிறோம்.

அஜித் வடேகர் இதை நன்கறிந்த மனிதர். 1971இல் தேர்வுக்குழுத் தலைவர் விஜய் மெர்ச்சண்ட் தம் தீர்மான வாக்கை அளித்ததால், பட்டோடிக்குப் பதிலாக அவர் தலைவரானார். அவ்வாண்டே மேற்கிந்தியத் தீவுகளிலும் இங்கிலாந்திலும் இந்தியா முதன்முறையாகத் தொடர்களை வென்றது. இந்தூரில் வெற்றியின் நினைவாக ஒரு பெரிய மட்டை நிறுவப்பட்டது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1974இல், அதே இங்கிலாந்தில் மூன்று ஆட்டங்களிலும் தோல்வி. லார்ட்ஸ் மைதானத்தில் 42 ஓட்டங்களுக்கு அனைவரும் ஆட்டமிழந்தனர். இந்தூர் மட்டை களங்கப்படுத்தப்பட்டது. வடேகரின் வீட்டின்மேல் கற்கள் விழுந்தன. மாலை போட்ட கைகளும் கல் எறிந்த கைகளும் வெவ்வேறு நாட்டினருடையவை அல்ல.

ஒருவர் முகம், பலர் உழைப்பு

இராசகோபுரத்தைக் கட்டியவர் யார் என்ற கேள்விக்குக் கிருஷ்ணதேவராயர் என்பதே வழக்கமான விடை. அந்த விடை பாதி உண்மை. விசயநகரப் பேரரசர் தொடங்கிய பணியை நிறைவு செய்தவர் தஞ்சை நாயக்கரான சேவப்பர். தொடங்கியவருக்குத் துணிவு வேண்டும். முடித்தவருக்குப் பொறுமை வேண்டும். இருவருக்கும் நடுவே கல் சுமந்தவர், சுண்ணாம்பு அரைத்தவர், சாரம் கட்டியவர் எத்தனை பேர் என்று நமக்குத் தெரியாது. அவர்களுள் ஒருவர் பெயர்கூட வழிகாட்டியின் வாயில் வருவதில்லை.

2011ஆம் ஆண்டு ஏப்ரல் 2 அன்று மும்பையில் இந்தியா உலகக் கோப்பையை வென்ற இரவும் இத்தகைய ஒரு கோபுரமே. நம் நினைவில் நிற்பது தோனியின் மட்டையிலிருந்து எழுந்து இரசிகர் நடுவே விழுந்த கடைசி ஆறு ஓட்டங்கள். அன்று அவர் எடுத்தது ஆட்டமிழக்காமல் 91. ஆனால் தொடக்கத்தில் சேவாக்கும் டெண்டுல்கரும் விரைவில் வெளியேறிய பிறகு ஆட்டத்தைத் தாங்கி 97 ஓட்டங்கள் எடுத்தவர் கம்பீர். அந்த ஒரு ஆறு ஓட்டத்தால் மட்டும் கோப்பை கிடைக்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் பலமுறை பொதுவில் சொல்லியிருக்கிறார். போட்டித் தொடர் முழுவதிலும் 21 விக்கெட்டுகளை வீழ்த்தியவர் ஜாகீர்கான். 362 ஓட்டங்களும் 15 விக்கெட்டுகளும் எடுத்துத் தொடர் நாயகனானவர் யுவராஜ் சிங்.

இன்னும் பின்னே போவோம். ஜாகீரும் யுவராஜும் 2000ஆம் ஆண்டில் நைரோபியில் நடந்த போட்டியில் கங்குலியின் தலைமையில் முதலில் களமிறங்கியவர்கள். தோனியும் 2004 டிசம்பரில் கங்குலியின் தலைமையிலேயே அறிமுகமானார். தொடக்க ஆட்டங்களில் அவர் சோபிக்கவில்லை. 2005 ஏப்ரலில் விசாகப்பட்டினத்தில் அவரை மூன்றாவது இடத்தில் இறக்கிப் பார்த்தவர் கங்குலி. அன்று பிறந்தது 148 ஓட்டங்கள். அந்தக் கங்குலியோ 1996இல் அசாருதீன் தலைமையில் லார்ட்ஸ் மைதானத்தில் சதத்தோடு தொடங்கியவர். 2011 அணியைத் தேர்ந்தெடுத்த குழுவின் தலைவர் நம் கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த். 1989இல் அவர் இந்திய அணிக்குத் தலைமையேற்றுப் பாகிஸ்தானுக்குச் சென்றார். நான்கு டெஸ்ட் ஆட்டங்களையும் தோற்காமல் சமன் செய்து திரும்பினார். திரும்பியதும் தலைமையையும் அணியில் இடத்தையும் ஒருசேர இழந்தார். அந்தப் பயணத்தில்தான் பதினாறு வயதுச் சிறுவனாக டெண்டுல்கர் அறிமுகமானார். டெஸ்ட் வெற்றி என்ற சொல்லே இடம்பெறாத அந்தத் தலைமைக் காலத்தில் விழுந்த விதை எத்தனை ஆண்டுகள் நிழல் தந்தது!

இதையெல்லாம் சேர்த்துப் பார்க்கும்போது, "2011 கோப்பை யாருடையது?" என்ற கேள்வியே பிழைபட்டது என்று தோன்றுகிறது. தலைவருக்கு அதில் பெரும் பங்கு உண்டு. அதை மறுப்பதும் அநீதிதான். ஆனால் பங்கு வேறு, உடைமை வேறு. பலருடைய உழைப்பை ஒருவர் முகத்தில் எழுதிப் பார்ப்பது நம் நினைவாற்றலுக்கு வசதியானது. நினைவுக்கு வசதியாக இருப்பது நீதிக்கும் போதும் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

எண்கள் சொல்வதும் சொல்லாததும்

தேநீர்க் கடை வழக்கில் இறுதி ஆயுதமாக வருவது எண்கள். பட்டோடி 40 டெஸ்ட் ஆட்டங்களுக்குத் தலைமை தாங்கி 9இல் வென்றார். கங்குலி 49இல் 21. தோனி 60இல் 27. விராட் கோலி 68இல் 40. எண்கள் பொய் சொல்வதில்லை. ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டுமே அவை விடை சொல்லும்.

பட்டோடி 1961இல் நேர்ந்த கார் விபத்தில் வலக்கண் பார்வையை இழந்தவர். மறு ஆண்டே, அணித்தலைவர் நாரி காண்ட்ராக்டர் பார்படோசில் தலையில் அடிபட்டு உயிருக்குப் போராடிய வேளையில், இருபத்தோரு வயதில் பொறுப்பேற்றவர். 1968இல் நியூசிலாந்தில் அவர் வென்ற தொடரே அயல்மண்ணில் இந்தியா வென்ற முதல் டெஸ்ட் தொடர். 1983இல் கபில்தேவின் அணி உலகக் கோப்பையை வென்று வந்தபோது, வீரர்களுக்குப் பரிசளிக்க வாரியத்திடம் போதிய பணம் இல்லை. லதா மங்கேஷ்கர் தில்லியில் இசை நிகழ்ச்சி நடத்தித் திரட்டிய தொகையிலிருந்து ஆளுக்கு ஓர் இலட்சம் ரூபாய் வழங்கப்பட்டது. இன்றைய அணியின் பின்னே பயிற்சியாளர் குழுவும் மருத்துவரும் ஒளிப்படப் பதிவுகளும் உள்ளன. வெறுங்காலோடு மலை ஏறியவனையும் படிக்கட்டில் ஏறியவனையும் உச்சியில் நிற்கவைத்து உயரம் அளந்தால், இருவரும் ஒரே உயரத்தில்தான் இருப்பார்கள். ஏறிய பாடு அளவுகோலில் தெரியாது.

அன்பு பகையாகும் இடம்

இதுவரை சொன்னவை அறிவின் குறைகள். இதயத்தின் குறை ஒன்று இவற்றினும் கொடியது.

2022இல் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் தலைமையை ரவீந்திர ஜடேஜாவிடம் ஒப்படைத்தார் தோனி. எட்டு ஆட்டங்களில் இரண்டே வெற்றிகள். தலைமை மீண்டும் தோனியிடமே திரும்பியது. அடுத்த ஆண்டு சேப்பாக்கத்தில் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஜடேஜா ஆட வரும்போது, அவர் விரைவில் ஆட்டமிழந்தால் அடுத்து தோனி வருவாரே என்று சொந்த அணியின் இரசிகர்களே காத்திருந்தனர். தாம் ஆட்டமிழப்பதற்காக அவர்கள் காத்திருக்கிறார்கள் என்று ஜடேஜாவே சிரித்துக்கொண்டு சொன்னார். சிரிப்போடு சொன்னதால் அதன் கசப்பு குறைந்துவிடவில்லை. ஒருவரை நேசிப்பதற்காக, அவருக்குத் துணை நிற்கும் மற்றொருவரின் வீழ்ச்சியை விரும்பும் நிலைக்கு அன்பு வந்து சேர்ந்துவிட்டது. அவ்வாண்டு இறுதி ஆட்டத்தில் தோனி சந்தித்த முதல் பந்திலேயே வெளியேறினார். கடைசி இரண்டு பந்துகளில் பத்து ஓட்டங்கள் தேவைப்பட்டபோது, ஆறும் நான்கும் அடித்து ஐந்தாவது கோப்பையைப் பெற்றுத் தந்தவர் அதே ஜடேஜா.

இந்த நோய் புதிதன்று. பெலிஸ்தியரை வென்று திரும்பிய படையை வரவேற்ற பெண்கள், சவுலையும் தாவீதையும் எண்ணிக்கையில் ஒப்பிட்டுப் பாடினார்கள் என்று சாமுவேல் முதல் நூல் கூறுகிறது. அவர்கள் எவரையும் இகழவில்லை. இருவரையும் புகழத்தான் செய்தார்கள். ஆனால் அந்தப் புகழ் தராசு வடிவில் வந்தது. அன்று முதல் சவுலின் கண்ணில் தாவீது வேறு மனிதராகத் தெரிந்தார். கொரிந்து நகரத்துச் சபையிலும் பவுலைச் சார்ந்தவர், அப்பொல்லோவைச் சார்ந்தவர் எனப் பிரிவுகள் எழுந்தன. தாம் நட்டதாகவும் அப்பொல்லோ நீர் பாய்ச்சியதாகவும், விளையச் செய்தவர் கடவுளே என்றும் பவுல் அவர்களுக்கு விளக்க வேண்டியிருந்தது. இரண்டு தொண்டர்களுக்கும் இடையே பகை இல்லை. பகை அவர்களுடைய அன்பர்களிடம் இருந்தது. கங்குலிக்கும் தோனிக்கும் இடையே இல்லாத சண்டையை நம் வீதிகளில் நடத்துகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

தவறியவரின் கணக்கு

எல்லாரும் பேசத் தயங்கும் பெயர் ஒன்று உண்டு. அசாருதீன், முதல் மூன்று டெஸ்ட் ஆட்டங்களிலும் சதமடித்தவர். 47 ஆட்டங்களில் அணித்தலைவர். 2000ஆம் ஆண்டில், ஆட்ட முடிவுகளை விலைபேசிய குற்றச்சாட்டில் வாரியம் அவருக்கு வாழ்நாள் தடை விதித்தது. 2012இல் ஆந்திரப் பிரதேச உயர்நீதிமன்றம் அந்தத் தடை சட்டப்படி செல்லாது என்று தீர்ப்பளித்தது. சிலர் அவர் பெயரையே பட்டியலிலிருந்து அழித்துவிடுகின்றனர். சிலர் அவருடைய மணிக்கட்டின் அழகைச் சொல்லி மற்றதை மறைக்கின்றனர்.

இரண்டும் எளிய வழிகள். இரண்டும் உண்மைக்கு மாறானவை. எழுந்த குற்றச்சாட்டின் கனத்தை அவர் ஆட்டத்தின் அழகு குறைத்துவிடாது. அந்தக் குற்றச்சாட்டு, முன்னர் நடந்த நல்லதை நடக்காததாக ஆக்கிவிடவும் முடியாது. கங்குலி, கும்ப்ளே போன்றோர் வளர்ந்த காலத்தின் தலைவர் அவரே என்பது ஏட்டில் உள்ள செய்தி. ஒரு மனிதரின் கணக்கில் வரவையும் செலவையும் தனித்தனியே எழுதும் நேர்மை நமக்கு வேண்டும். கூட்டிக் கழித்து ஒற்றை எண்ணாக்கி அவரை முடித்துவிடும் அவசரம் நமக்குரியதன்று.

ஒப்பிடவே கூடாதா?

அப்படியானால் எவரையும் ஒப்பிடாமல், எல்லாரும் நல்லவரே என்று வாய்மூடி இருப்பதா? அதுவும் நீதி ஆகாது. தலைவரைத் தேர்ந்தெடுக்க வேண்டிய குழு ஒப்பிட்டே ஆக வேண்டும். தவறான முடிவைத் தவறு என்று சொல்லாவிட்டால் அடுத்தவர் எதிலிருந்து கற்பார்? எல்லாரையும் சமமாகப் புகழ்வது, உண்மையில் உழைத்தவருக்கு இழைக்கும் துரோகம். மதிப்பிடும் உரிமை நமக்கு உண்டு. அதற்கேற்ற கோல் வேண்டும் என்பதே நம் வாதம்.

அந்தக் கோலில் மூன்று கோடுகள் இருக்கலாம். அவர் எதைப் பெற்றுக்கொண்டார் என்பது முதற் கோடு: எத்தகைய அணி, எத்தகைய காலம், எத்தனை கைகள் துணை. அவர் தம் கைக்கு உட்பட்டதை வைத்து என்ன செய்தார் என்பது இரண்டாவது: அறிந்ததைக் கொண்டு நேர்மையாக முடிவெடுத்தாரா, தோல்வியைத் தாமே ஏற்றாரா, வெற்றியைப் பகிர்ந்தாரா. எதை விட்டுச் சென்றார் என்பது மூன்றாவது: தமக்குப் பின் வருபவர் தம்மைவிட உயர வழி செய்தாரா.

இந்தக் கோலால் அளந்தால் சிலருடைய உயரம் மாறுகிறது. ஐந்து டெஸ்ட் ஆட்டங்களுக்குத் தலைமையேற்று ஒன்றிலும் வெல்லாத வெங்கட்ராகவனை மற்ற கோல்கள் குள்ளராகவே காட்டும். 1974 டிசம்பரில் தில்லியில் அணித்தலைவராக இருந்தவர், அடுத்த ஆட்டத்தில் பன்னிரண்டாவது ஆளாக அமர்த்தப்பட்டார். 1979இன் அவமதிப்பும் அவருக்கே வந்தது. எனினும் அவர் ஆட்டத்தை விட்டு ஓடவில்லை. 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட் ஆட்டங்களில் நடுவராக நின்று, உலகின் மதிப்புக்குரிய நடுவர்களுள் ஒருவரானார். தம் உழைப்புக்குச் சரியான தீர்ப்புப் பெறாத ஒருவர், பிறர் ஆட்டத்துக்குச் சரியான தீர்ப்பு வழங்குவதையே பிற்காலப் பணியாகக் கொண்டார் என்பது நினைக்க நினைக்க இனிக்கும் செய்தி.

இந்தக் கோல் விளையாட்டுக்கு மட்டும் உரியதன்று. "பழைய சாமி இருந்தபோது நம் பங்கு எப்படி இருந்தது தெரியுமா?" என்று புதிய பங்குத்தந்தையின் காது கேட்கப் பேசுகிறோம். முந்தைய தலைமையாசிரியரைச் சொல்லி இன்றையவரைக் குத்துகிறோம். மறைந்த மாமியாரின் கைப்பக்குவத்தைப் புகழ்வதுபோல் மருமகளின் சமையலைக் குறைசொல்கிறோம். போனவர் இருந்த காலத்தில் அவரையும் இப்படித்தான் அவருக்கு முன்னிருந்தவரோடு ஒப்பிட்டோம் என்பதை வசதியாக மறந்துவிடுகிறோம். போனவருக்கு நன்றி செலுத்துவதாக எண்ணி, இருப்பவருக்கு இழைக்கும் அநீதி இது. உண்மையான நன்றிக்கு எதிராளி தேவையில்லை. நட்டவரைப் புகழ, நீர் பாய்ச்சுகிறவரின் குடத்தை உடைக்க வேண்டியதில்லை.

நாமும் ஒருநாள் இறங்கிப் போகிறவர்கள். குடும்பத்திலோ தொழிலிலோ ஊர்ப்பொதுவிலோ நாம் ஏற்ற சிறிய தலைமையை, நாம் இல்லாத ஒரு மாலையில் யாரோ சிலர் எடைபோடுவார்கள். நம் கைக்கு எட்டாமற்போன அந்த ஒன்பது ஓட்டங்களை மட்டும் அவர்கள் எண்ணக் கூடாது என்று விரும்புவோம். நமக்கு வேண்டும் என்று நாம் விரும்பும் அந்த அளவையை, முன் நின்றவர்களுக்கு இன்றே அளிக்கத் தொடங்கலாம்.